வெளியில் வாங்கிய கிரிட் என் ஈவென்ட் ஹேண்ட்லரில் வரும் எக்ஸப்ஷனை விழுங்கிவிடுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் சொல்வது இதுதானே: வின்ஃபார்ம்ஸ் (டாட்நெட்டில் விண்டோஸ் திரைகள் செய்யும் வழி) அப்ளிகேஷன், காசு கொடுத்து வாங்கிய கிரிட் (டேட்டாவைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கன்ட்ரோல்), செல் மதிப்பு மாறும்போது ஓடும் உங்கள் ஹேண்ட்லர் எக்ஸப்ஷன், அதாவது ஓடும்போது எறியப்படும் பிழை, வந்து பாதியில் நின்றுவிடுகிறது. எரர் பெட்டி இல்லை, லாகில் ஒரு வரி இல்லை, திரை மட்டும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்ளிகேஷன்.த்ரெட்எக்ஸப்ஷன், ஆப்டொமைன்.அன்ஹேண்டில்டுஎக்ஸப்ஷன் இரண்டையும் மாட்டியும் ஒன்றும் வரவில்லை என்கிறீர்கள். வராது. அவை யாரும் பிடிக்காத எக்ஸப்ஷனுக்கு மட்டும்தான். உங்கள் ஹேண்ட்லரைக் கூப்பிடுவது கிரிட். கூப்பிடும் வரியைச் சுற்றி அவர்கள் ஒரு ட்ரை போட்டு, பிழையைப் பிடிக்கும் கேட்சைக் காலியாக விட்டிருந்தால், டாட்நெட் கணக்கில் அது பிடிபட்டு முடிந்துபோன விஷயம். இன்னொன்றும் உண்டு. அந்த கிரிட் உள்ளே பழைய ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோலாக இருந்தால் காலி கேட்ச்கூடத் தேவையில்லை, ஏனென்றால் டாட்நெட் எக்ஸப்ஷன் காம் (ஆக்டிவ்எக்ஸுக்கு அடிப்படையான பழைய விண்டோஸ் முறை) எல்லையைத் தாண்ட முடியாது, ரன்டைம் அதை எச்ரிசல்ட் என்ற எண்ணாக மாற்றித் திருப்பிக் கொடுக்கும், ஈவென்ட்டைக் கிளப்பிய கன்ட்ரோல் பெரும்பாலும் அந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கண்டுபிடிக்க, விஷுவல் ஸ்டுடியோவில் கண்ட்ரோல், ஆல்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எக்ஸப்ஷன் செட்டிங்ஸ் வரும். அதில் காமன் லாங்க்வேஜ் ரன்டைம் எக்ஸப்ஷன்ஸை டிக் செய்துவிட்டு ஓட்டுங்கள். எக்ஸப்ஷன் எறியப்பட்ட அதே வரியில், யாரும் விழுங்கும் முன்பே டீபக்கர் நிற்கும்.

கஸ்டமர் இடத்தில் மட்டும் வரும் பிரச்சினை என்றால் ஆப்டொமைன்.ஃபர்ஸ்ட்சான்ஸ்எக்ஸப்ஷன் ஈவென்ட்டை மாட்டுங்கள். டாட்நெட் 4 முதல் இருக்கிறது. எந்த கேட்சும் ஓடுவதற்கு முன்பே இது கிளம்பிவிடும். ஆனால் கவனம்: தினமும் எறிந்து பிடிக்கப்படும் சாதாரண எக்ஸப்ஷன்களும் வந்து குவியும், அதனால் உங்கள் நேம்ஸ்பேஸில் இருந்து கிளம்பியதை மட்டும் வடிகட்டுங்கள். அந்தக் கட்டத்தில் எக்ஸப்ஷனின் ஸ்டாக்ட்ரேஸில் எறிந்த இடம் மட்டும்தான் இருக்கும், கூப்பிட்டவர்கள் வரிசை வேண்டுமென்றால் என்விரான்மென்ட்.ஸ்டாக்ட்ரேஸை எடுக்க வேண்டும். அப்புறம் முக்கியமாக, லாக் எழுதும் கோடே அங்கே எக்ஸப்ஷன் எறிந்தால் அதுவே தன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் போய் நிற்கும்.

இது கண்டுபிடிக்கும் வழிதான். நிரந்தரமாக வேண்டுமென்றால், அடுத்தவர் கூப்பிடும் எந்த ஹேண்ட்லரிலிருந்தும் எக்ஸப்ஷனை வெளியே விடாதீர்கள். ஹேண்ட்லர் முழுவதையும் உங்கள் ட்ரை கேட்சுக்குள் வைத்து, கேட்சில் லாக் எழுதி யூசருக்கும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றிலும் எழுதச் சலிப்பாக இருந்தால் ஒரு ஆக்ஷனை (ஓட்ட வேண்டிய கோடை) வாங்கி ட்ரை கேட்சுக்குள் ஓட்டும் சின்ன மெத்தட் போதும். சிலர் பிகின்இன்வோக் போட்டு வேலையை மெசேஜ் க்யூவுக்குத் தள்ளுவார்கள். அப்போது கிரிட்டின் கேட்ச் பக்கத்திலேயே இருக்காது, எக்ஸப்ஷன் நேராக த்ரெட்எக்ஸப்ஷனுக்கு வந்துவிடும். அசிங்க் வாய்ட் (வேலை முடியும்வரை கூப்பிட்டவர் காத்திருக்காத) ஹேண்ட்லரிலும் கிட்டத்தட்ட இதேதான், பலர் அதைத் திட்டினாலும் இந்த ஒரு இடத்தில் அது நமக்குச் சாதகம். ஆனால் கேன்சல் செய்யக்கூடிய ஈவென்ட்களில் இரண்டுமே சிக்கல், நீங்கள் கேன்சலை ட்ரூ ஆக்குவதற்குள் கிரிட் அதைப் படித்துவிட்டுப் போயிருக்கும். அங்கே ட்ரை கேட்ச்தான்.

கிரிட் செய்தவர்களைக் கேட்டால் 'உங்கள் கோடில் வரும் பிழையால் எங்கள் கன்ட்ரோல் நிலைகுலையக் கூடாது' என்பார்கள். சரி, நியாயம்தான், ஆனால் சொல்லாமல் விழுங்குவது நியாயமில்லை. வின்ஃபார்ம்ஸே ஓன்பெயின்ட்டில் (கன்ட்ரோல் தன்னை வரையும் மெத்தட்) எக்ஸப்ஷன் வந்தால் வெள்ளைக் கட்டத்தில் பெரிய சிவப்புக் குறுக்குக்கோடு போட்டுக் காட்டும். அதன் டேட்டாகிரிட்வியூ, செல்லில் டேட்டாவைப் போடும்போதும் எடுக்கும்போதும் வரும் பிழைகளை டேட்டாஎரர் என்ற ஈவென்ட்டாகக் கொடுக்கும், நாம் மாட்டாவிட்டால் அதுவே ஒரு அசிங்கமான பெட்டியைக் காட்டும். உங்கள் வெண்டாரிடம் கேட்க வேண்டியது இந்த மாதிரி ஒரு ஈவென்ட். ஏற்கெனவே இருக்கிறதா என்று மேனுவலில் தேடிவிட்டுக் கேளுங்கள். இருந்தால், அந்தப் பெட்டி வரக் கூடாது என்பதற்காகவே காலி ஹேண்ட்லரை மாட்டிவிட்டுப் போன ஆள் உங்கள் டீமிலேயே இருக்கிறாரா என்றும் ஒருமுறை கோடில் தேடிப் பார்த்துவிடுங்கள்.