சண்டை நெருங்கும்போது இன்சுலின் போடுபவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

"எங்கள் பகுதிக்குச் சண்டை நெருங்கிவிட்டது. அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவை மூடிவிட்டார்கள், காயம்பட்டவர்களைத்தான் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, இரண்டு வேளை இன்சுலின். கரண்டும் அடிக்கடி போய்விடுகிறது. என்ன செய்வது?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

அம்மா, உங்கள் அப்பா தாமாக இன்சுலினை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயமே படாதவர்கள் மருந்து கிடைக்காமல் இறந்துபோவது போரில் உண்டு. அது தடுக்கக்கூடிய சாவு.

கரண்ட் போவதற்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும் என்பது சரிதான். ஆனால் பெரும்பாலான இன்சுலின்கள் 25 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஃபிரிட்ஜ் இல்லாமலே சுமார் 4 வாரம் தாங்கும். வெயில் ஏறினால் பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்புங்கள். மருந்தைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். ஐஸ் கட்டியில் ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எனக்குப் பெரிய கவலை சிரிஞ்சு. சில நாடுகளில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலின் புழங்குகிறது. நிவாரணத்தில் வருவது பெரும்பாலும் 100 யூனிட் மருந்து. அதைப் பழைய 40 யூனிட் சிரிஞ்சில் வழக்கமான கோடுவரை இழுத்தால், உடம்பில் ஏறுவது இரண்டரை மடங்கு. சர்க்கரை மிகவும் இறங்கி, தூக்கத்திலேயே உயிர் போகலாம். குப்பியிலும் சிரிஞ்சிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். புதுக் குப்பி வாங்கும்போது அதற்கான சிரிஞ்சையும் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு குறைந்தால் மருந்தின் அளவு எவ்வளவு குறைய வேண்டும் என்பதை மருத்துவர் ஊரில் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். மருந்தின் கம்பெனிப் பெயரோடு அதன் மூலப்பெயரும், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும், அந்தத் தாளில் இருக்கட்டும். வேறு ஊர் மருத்துவருக்கு அதுதான் புரியும். சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

நடந்தே வெளியேற நேர்ந்தால் மூடிய செருப்பு போட்டுவிடுங்கள். இரவில் பாதத்தைத் தடவிப் பாருங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் அவருக்குக் கொப்புளம் வலிக்காமலே போகலாம்.

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்க்க மாட்டார்கள். யாருக்கு உயிராபத்து அதிகமோ அவரைத்தான் முதலில் எடுப்பார்கள். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மட்டும் போனால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும், வழியில் ஆபத்தும் உண்டு. அதற்கு அருகிலுள்ள சுகாதார நிலையமோ நடமாடும் மருத்துவக் குழுவோ போதும். வாந்தி நிற்காமல், வயிறு வலித்து, மூச்சு வேகமாக ஆழமாக வாங்கினால் காத்திருக்கக் கூடாது. வாசலில் நிற்பவரிடம் வேறு கதை சொல்லாமல், "இன்சுலின் போடுபவர், வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது" என்று சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை அவர் கையில் கொடுங்கள்.