முதல் கீமோவுக்குப் போகும் முன்: திருகோணமலை வாசகர் கேள்விகளுக்குப் பதில்

புற்றுநோய் வார்டில் பல வருடம் தாதியாக வேலை செய்தவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எழுதுகிறேன். கீமோ என்பது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை.

அக்கா, அம்மாவுக்கு மார்பில் கட்டி. திங்கட்கிழமை முதல் கிளினிக். என்ன கொண்டு போக வேண்டும்? (மூதூர்)

பயொப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட், ஸ்கேன், பழைய கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பைலில் இருக்கட்டும். பிரஷருக்கும் சீனிக்கும் போடும் குளிசைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து குடித்தால் அதையும் சொல்லிவிடுங்கள் தங்கச்சி. ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம், சில மூலிகைகள் கீமோ மருந்தோடு ஒத்துப்போகாது.

முதல் கீமோ முடிந்தது. காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் பார்க்கலாமா? (உப்புவெளி)

வேண்டாம் தம்பி. இந்தப் பதிலை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கீமோ மருந்து, இரத்த அணுக்கள் உண்டாகும் என்பு மச்சையையும் தாக்கும். அதனால் மருந்து ஏற்றி ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நேரம் கிருமி தொற்றினால் சீழ், வீக்கம் எதுவும் தெரியாமலே போகலாம். பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. பனடோல் அதையும் மறைத்துவிடும். விடிந்ததும் போவோம் என்று இருந்து, மயங்கிய நிலையில் தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் காட்டினால் நடுச்சாமம் என்றாலும் கிட்டடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசலிலேயே "கீமோ ஏற்றியவர், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். வரிசையில் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் இல்லாமல் குளிர்ந்து நடுங்கினாலும் இதேதான்.

கரண்ட் பிடிக்க (கதிர் சிகிச்சைக்கு) மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். ஷொக் அடிக்குமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. (கிண்ணியா)

பெயர்தான் கரண்ட், உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. எக்ஸ்ரே எடுப்பது போலத்தான். சில நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும், நோகாது. வெளியிலிருந்து பிடிக்கும் கதிர் உடம்பில் தங்காது, பிள்ளையைத் தாராளமாகத் தூக்குங்கள். தோலில் போடும் அடையாளத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, சில வாரம் தொடரும். ஆகவே தங்குவதற்கு இடம் இருக்கிறதா என்று கிளினிக்கிலேயே முன்கூட்டிக் கேளுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் முதல் நாளாவது கூடப் போனால் நல்லது.

சீனியை விட்டால் புற்று சுருங்குமா? (நிலாவெளி)

சுருங்காது. நீரிழிவு இல்லையென்றால் தேத்தண்ணீருக்குச் சீனி போட்டே குடிக்கட்டும். மெலிந்து போவதுதான் ஆபத்து.

அப்பாவிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். கீமோ தொடங்கும் வரை மறைக்கலாமா? (சாம்பல்தீவு)

உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அரை மணித்தியாலத்தில் சொல்லிவிடுவார். முடி உதிரத் தொடங்கினால் அவருக்கே தெரியவரும். அதோடு, ஏன் இந்த மருந்து என்று தெரியாதவர் வாந்தி வந்ததும் "போதும், வீட்டுக்குப் போவோம்" என்பார். சிகிச்சைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தானே. டாக்டரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள், அவர் பக்குவமாகத் தொடங்குவார். நீங்கள் அப்பாவின் பக்கத்தில் இருங்கள்.