ஏரிக்குப் பணம் எங்கிருந்து வரும்?

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்கோடு அருகே எங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் தூர்ந்து, ஏரி நிரம்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் ஊர்ப் பணிகளுக்கு உலக நிதியங்களில் பெருந்தொகை இருப்பதாகப் படிக்கிறோம். எங்கள் விவசாயிகள் குழு அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா?

வாசகர், தருமபுரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

நேரடியாக முடியாது. பசுமைப் பருவநிலை நிதியம் தன்னிடம் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாகவே பணம் தருகிறது; இந்தியாவில் நபார்டு எனும் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி அவற்றுள் ஒன்று. வெளிநாட்டு நன்கொடை பெறத் தனிப் பதிவு வேண்டும் என்பதோடு, 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற பெரிய தொண்டு நிறுவனம் தனக்கு வந்த அந்தப் பணத்தை உங்களைப் போன்ற சிறு குழுவுக்குப் பிரித்துக் கொடுக்கவும் வழியில்லை. உங்கள் கதவை உண்மையில் அடைத்தது இதுதான் என்பேன்.

எனவே பக்கத்தில் இருக்கும் பணத்தைப் பாருங்கள். அதற்கும் முன்னால், ஏரி யாருடையது என்று கேட்டு வையுங்கள்: ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலப்பரப்பு, நூறு ஏக்கருக்குக் குறைவென்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம், கூடுதலென்றால் நீர்வளத் துறை. ஒன்றியத்து ஏரியானால், ஊரார் பங்கோடு அரசும் பணம் போடும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மனுக் கொடுக்கலாம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது ஊரார் திரட்ட வேண்டும். அந்தப் பங்குக்கு ஓசூர்த் தொழிற்சாலைகளை அணுகுங்கள். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, வரம்புக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை என்பதால் ஓசூரைத் தாண்டி உங்கள் ஊர்வரை வரச் சிலர் யோசிப்பார்கள், கேட்பதில் தவறில்லை.

எனக்குப் பெரிய கவலை வேறு. இந்தப் பணம் எல்லாம் ஒருமுறை வந்து போகிற பணம். தொழிற்சாலைப் பணத்தில் நடக்கும் பல்லாண்டுத் திட்டங்கூட, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. கால்வாயோ ஆண்டுதோறும் தூரும். ஒரே கனமழையில் மணல் மேடிட்டு, மறு ஆண்டில் அதன்மேல் உன்னிச்செடி புதராகிவிடும். சாலை குறுக்கிடும் இடங்களைப் போய்ப் பாருங்கள்: குழாய்ப் பாலத்தின் குழாய் கால்வாய்த் தரையைவிட அரையடி உயர்த்திப் பதிக்கப்பட்டிருந்தால், ஏரியை எவ்வளவு ஆழமாகத் தூர்வாரினாலும் சிறுமழைத் தண்ணீர் உள்ளே வராது. அதைத் தாழ்த்திப் பதிக்க ஆகும் செலவு சொற்பம். ஆனால் பொக்லைன் ஓடும் படம்போல அது அறிக்கையில் எடுபடாது, ஆகவே மதிப்பீட்டில் இடம்பெறுவதே அரிது. ஃபுளோரைடு நீரிலிருந்து நம் மாவட்டத்தைக் காக்க வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடன் கொடுத்தது. பெரிய பணம் குழாயையும் தொட்டியையும் தேடி வரும். ஆண்டுக்கொருமுறை மண்வெட்டி பிடிப்பவருக்கான கூலியைத் தேடி வராது.

அந்தக் கூலிக்கு ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசிக் குத்தகைத் தொகை ஊராட்சிக் கணக்கில் சேருகிறதென்றால், அதில் ஒரு பகுதியைக் கால்வாய்ப் பராமரிப்புக்கு ஒதுக்கும்படி, மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். தெருவிளக்குச் செலவைக் காட்டி மறுப்பார்கள். அதனால் தொகையைச் சிறிதாகவே கேளுங்கள். தீர்மான நகலை எந்த விண்ணப்பத்தோடும் முதல் இணைப்பாக வையுங்கள்.