கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஃபோகஸ் குரூப் நடத்த இருபது பேரைக் கூட்டலாமா?

எம்.ஏ. ப்ராஜெக்டுக்காக, பாசனத் தண்ணீர் பற்றிக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்துத் தமிழ் விவசாயிகள் இருபது பேரை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது கிராமசபையாகிவிடும். ஃபோகஸ் குரூப் என்பது ஒரு விஷயத்தைப் பற்றிச் சிறு குழுவைப் பேசவைத்துக் கேட்பது. ஆறிலிருந்து பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம் போதும்.

யாரை யாரோடு உட்காரவைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. தோப்பு முதலாளி முன்னால் அவர் தோட்டத்துக் கூலியாள் வாய் திறக்கமாட்டார். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகளும் அப்படித்தான். ஆகவே நிலமுள்ளவர்கள், கூலிவேலை செய்பவர்கள், பெண்கள் என்று தனித்தனிக் குழுக்கள் வையுங்கள். வாய்க்கால் தலைமாட்டுக்காரரையும் கடைமடைக்காரரையும் கலக்காதீர்கள், சண்டைதான் பதிவாகும். பஞ்சாயத்து மெம்பர் ஆள் சேர்த்துக் கொடுத்தால் நன்றி சொல்லுங்கள், உள்ளே உட்காரவைக்காதீர்கள்.

தமிழ்நாடு–கேரளம் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தப்படி சித்தூர்புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அதில் ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அரசியல் பேசுவார்கள். "போன கோடையில கிணத்துல தண்ணி எப்படிங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், "அண்ணன் சொன்னதைக் கேட்டோம், அக்கா உங்க பக்கம் எப்படி?" என்று திருப்பிவிடுங்கள்.

ரெக்கார்டருக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். குறிப்பெடுக்க இன்னொருவர் அவசியம். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்கள், அப்படியே எழுதுங்கள். அறிக்கையில் "எழுபது சதவீதம் பேர்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பத்துப் பேர் பேச்சில் சதவீதம் கிடையாது.