மின் கட்டண விசாரணையில் நேரில் பேச உரிமை உண்டா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் சிறிய மசாலா அரவை ஆலை வைத்திருக்கிறேன். வணிக இணைப்புகளுக்கான மாத நிலைக்கட்டணத்தை (எவ்வளவு மின்சாரம் பயன்படுத்தினாலும் மாறாத கட்டணம்) உயர்த்தக் கோரும் விண்ணப்பம் தென்னாப்பிரிக்காவின் தேசிய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான நெர்சாவின் முன் இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் நேரில் பேச விரும்புகிறேன். அதைக் கேட்டுப் பெறும் உரிமை எனக்கு உண்டா? வக்கீல் வைத்தே ஆக வேண்டுமா? அரவையைக் கவனித்துக்கொள்பவர் இந்தியாவிலிருந்து வந்து எங்களுடன் வசிக்கும் என் மாமனார். அவர் தமிழில் பேசலாமா?

பதில்: உங்கள் கருத்தையும் ஆதாரத்தையும் ஆணையத்தின் முன் வைப்பது உங்கள் உரிமை. ஆனால் அதை வாய்மொழியாகத்தான் வைப்பேன் என்று வற்புறுத்தும் உரிமை, பொதுவாகச் சொன்னால், இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு விண்ணப்பித்தால்தான் வாய்ப்புக் கிடைக்கும்.

2004-ஆம் ஆண்டின் தேசிய எரிசக்தி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஆணையத்தின் ஒவ்வொரு முடிவும் எழுத்தில் இருக்க வேண்டும், காரணங்களையும் ஆதாரங்களையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டும், பாதிக்கப்படுவோர் தம் கருத்துகளையும் தொடர்புடைய தகவல்களையும் முன்வைக்க வாய்ப்பளிக்கும் நியாயமான நடைமுறையின் வழியே எடுக்கப்பட வேண்டும் என்கிறது. அந்த வாய்ப்பு நேரடியாகத்தான் அமைய வேண்டும் என்று அது சொல்லவில்லை. நிர்வாக நீதி பற்றிய 2000-ஆம் ஆண்டின் சட்டமும் (இங்கே எல்லோரும் பாஜா என்பது இதைத்தான்) நேரில் தோன்றுவதை 3-ஆம் பிரிவில் நிர்வாகியின் விருப்புரிமைக்கே விட்டிருக்கிறது. பொதுமக்களைப் பாதிக்கும் முடிவுகளில், பொது விசாரணையா, அறிவிப்பு வெளியிட்டு எழுத்துமூலம் கருத்துக் கேட்பதா, இரண்டுமா என்பதையும் 4-ஆம் பிரிவின்படி நிர்வாகியே தேர்ந்தெடுக்கலாம்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஆணையம் வெளியிட்ட அறிவிப்பைக் கடைசி வரி வரை படிப்பது. விசாரணை உண்டா, கருத்துகளுக்கான கடைசி நாள் எது, பேச விரும்புவோர் அதை எந்த நாளுக்குள் எந்த மின்னஞ்சலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பவை அதில்தான் இருக்கும். எழுத்துமூலக் கருத்தை அனுப்பிவிட்டு, விசாரணையன்று அரங்கில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பட்டியலில் பெயரில்லாமல் பின்வரிசையில் உட்கார நேரிடும். உங்கள் கருத்துரையின் முதல் பக்கத்திலேயே, நேரில் பேச அனுமதி கோருவதாகத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

அந்தப் பத்தியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘இது எங்கள் வாழ்வாதாரப் பிரச்சினை, ஆகவே பேச அனுமதிக்கவும்’ என்ற வாக்கியத்தை ஆணையம் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பார்க்கிறது. அதை வைத்து எவருக்கும் முன்னுரிமை தர இயலாது. காகிதத்தில் தீராத எந்தக் கேள்வி உங்கள் பேச்சில் தீரும் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். உங்கள் நிலையில் நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: ‘எங்கள் அரவை இயந்திரம் காலை பத்து மணிக்குப் பிறகே ஓடுகிறது, புரட்டாசிக்கு முந்தைய வாரங்களில் அரவை கூடி, பிறகு பல மாதங்கள் குறைவாக இருக்கிறது. எல்லா மாதமும் ஒரே நிலைக்கட்டணம் என்னும் முன்மொழிவு, எங்களைப் போன்ற இணைப்புகள் உச்ச நேரச் செலவுக்குக் காரணமாகின்றன என்று கருதுவதுபோல் தோன்றுகிறது. அந்த அனுமானத்தை எங்கள் மின்மானிப் பதிவுகளுடன் விளக்கவும், விசாரணைக் குழுவின் கேள்விகளுக்குப் பதிலளிக்கவும் பத்து நிமிடம் கோருகிறோம்.’ உங்கள் பதிவுகள் இதையே சொல்கின்றனவா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டு பில்களை இணைப்பாக வைத்து எண்ணிடுங்கள். கருத்துரைகள் பொதுவாக வெளியிடப்படுவதால், வாடிக்கையாளர் விவரமோ விலை விவரமோ இருந்தால் அவற்றை நீக்கிய பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

கட்டண உயர்வு கோரும் விண்ணப்பதாரரின் மின்வழங்கல் செலவு ஆய்வையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாநகராட்சிக் கட்டணங்களை அளவுகோல் விழுக்காடுகளைக் கொண்டு நிர்ணயித்துவந்த ஆணையத்தின் முறையை 2022 அக்டோபரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அதன் பிறகு, கட்டணம் உண்மையான செலவோடு பொருந்துகிறதா என்பதே வாதத்தின் நடு மையம். கேட்டதெல்லாம் கிடைத்துவிடுவதும் இல்லை: 2025/26-க்கு அரசு மின் நிறுவனமான எஸ்காம் 36.15 விழுக்காடு உயர்வு கேட்டது, ஆணையம் 12.74 விழுக்காட்டையே அனுமதித்தது. மின்மானி தவறாக ஓடியது, பில்லில் பழைய பாக்கி சேர்ந்தது போன்ற தனிப்பட்ட முறையீடுகளை இங்கே கலக்காதீர்கள். அவற்றுக்கு வழி வேறு, குழுவும் உங்களை இடைமறிக்கும்.

வக்கீல் கட்டாயமில்லை. கடுமையான அல்லது சிக்கலான விவகாரங்களில் சட்டப் பிரதிநிதித்துவத்தை அனுமதிக்கலாம் என்றுதான் பாஜா சொல்கிறது. நிலைக்கட்டண வாதத்துக்கு, வக்கீலைவிட எண்களைப் படிக்கத் தெரிந்த கணக்காளர் ஒருவர் பயன்படுவார் என்பது என் எண்ணம். மொழியைப் பொறுத்தவரை, நம் அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. எனினும் மொழி வாரியம் மதிப்புக் கிடைக்கச் செய்ய வேண்டிய மொழிகளில் ஒன்றாகவே அங்கு வருகிறது. ஆட்சி மொழிகளில் ஒன்றாக அல்ல. ஆகவே மொழிபெயர்ப்பாளரை ஆணையம் தர வேண்டும் என்று கேட்க முடியாது. மாமனாரின் கூற்றை ஆங்கிலத்தில் பிரமாணப் பத்திரமாக்கி இணைத்துவிட்டு, நீங்கள் பேசுங்கள். அவர் உடனிருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல, நீங்கள் மொழிபெயர்க்க அனுமதி வேண்டுமென்று அதே விண்ணப்பத்தில் கேளுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டால் உடனே எழுத்தில் காரணம் கேளுங்கள். பாஜாவின் 5-ஆம் பிரிவு இதற்கு 90 நாள் அவகாசம் தருகிறது என்றாலும், மாநகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கிப் புதிய கட்டணமும் அன்றே நடைமுறைக்கு வருவதால், அந்த அவகாசத்தை நம்பியிருப்பது உங்களுக்கு நல்லதல்ல. இறுதி முடிவை உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வுக்குக் கொண்டுபோக விரும்பினால், தேவையற்ற தாமதமின்றி, எப்படியும் 180 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பேச அனுமதிக்கவில்லை என்ற ஒரு காரணம் மட்டும் அங்கே பெரும்பாலும் எடுபடாது. நீங்கள் எழுத்தில் கொடுத்த ஆதாரத்தை ஆணையம் பரிசீலிக்கவே இல்லை என்று முடிவின் காரணங்களிலிருந்து காட்ட முடிந்தால் வழக்கு வலுக்கும். அதனால் கருத்துரையை அனுப்பும்போது, யாரும் உங்களை நேரில் கேட்கப்போவதில்லை என்று கருதி முழுமையாக எழுதுங்கள். அது சென்று சேர்ந்ததற்கான ஒப்புகையையும் பத்திரமாக வைத்திருங்கள்.