புரட்டாசியிலும் குறையாத மளிகை பில்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். மளிகை, காய்கறி, கறி எல்லாம் சேர்த்து மாதம் 8,000 ரேண்டு ஆகிறது. புரட்டாசி முழுக்க நாங்கள் கோழியும் மீனும் எடுப்பதில்லை. அந்த மாதமாவது கையில் ஏதாவது நிற்கும் என்று பார்த்தால் 200 ரேண்டுகூடக் குறையவில்லை. சோயா சாசேஜ், பனீர், ஃப்ரோஸன் சமோசா, பிள்ளைகளுக்குக் கூல்டிரிங்க் என்று போய்விடுகிறது. மாமியார் எனக்கு ஓட்டைக் கை என்கிறார். எதைக் குறைப்பது?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: உங்கள் கை ஓட்டை இல்லை அம்மா. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓர் அமைப்பு 44 உணவுப்பொருள்களின் விலையை மாதாமாதம் கடை கடையாகப் போய்க் குறித்து வருகிறது. ஏழைக் குடும்பங்கள் வாங்கும் சாமான்தான் அதில் இருக்கிறது, ஆடம்பரம் எதுவும் கிடையாது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் அந்தக் கூடை 5,000 ரேண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. மாமியார் வீட்டுக் கணக்குப் பார்த்த காலத்து விலையை இன்னும் மனதில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் குறைக்க இடம் இருக்கிறது. அது எங்கே என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கோழியை நிறுத்திவிட்டு, அதே விலைக்கு ஆலையில் செய்த சைவத்தை வாங்கியிருக்கிறீர்கள். விரதம் பிடிப்பவர்களைக் குறிவைத்தே கடைக்காரர்கள் அந்த அலமாரியை முன்னால் தள்ளி வைக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஒரு மாத ரசீதுகளை எடுத்து, அடியில் அச்சாகியிருக்கும் வாட் வரியை மட்டும் கூட்டிப் பாருங்கள். 2018 ஏப்ரலில் இருந்து வரி 15 சதவீதம். அரிசி, பருப்பு, உலர்ந்த பீன்ஸ், சோளமாவு, சாம்ப் எனும் இடித்த மக்காச்சோளம், பழுப்பு ரொட்டி, முட்டை, பால், சமையல் எண்ணெய், காய்கறி, பழம், டின்னில் வரும் பில்சர்ட் (மத்தி போன்ற) மீன் இவற்றுக்கெல்லாம் அது கிடையாது. 2019 ஏப்ரலில் கேக் மாவும் வெள்ளை ரொட்டி மாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. கிட்டத்தட்ட நம் ஆயா வைத்திருந்த அலமாரியேதான். சோயா சாசேஜும் கூல்டிரிங்கும் சிப்ஸும் பட்டியலுக்கு வெளியே. 115 ரேண்டு கொடுத்தால் அதில் 15 வரிக்குப் போகிறது.

டீ, சர்க்கரை, மசாலா, சோப்பு, கோழி இவற்றுக்கும் வரி உண்டு. அதனால் அந்தத் தொகை பூஜ்யமாகாது. ஆனால் கோழியே வாங்காத மாதத்தில் அது நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால், கோழியின் இடத்தை எது பிடித்தது என்று அந்த ரசீதே வரிவரியாகச் சொல்லிவிடும்.

ஒரே சாமான் வரியோடும் கிடைக்கும், வரியில்லாமலும் கிடைக்கும். டின்னில் வரும் பீன்ஸுக்கு வரி உண்டு, உலர்ந்த சுகர் பீன்ஸுக்கு (புள்ளி போட்ட பீன்ஸ் விதை) கிடையாது. சனிக்கிழமை இரவு ஊறப்போட்டு, மறுநாள் பெரிய பானையில் உப்புப் போடாமல் வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில் வைத்துவிட்டால் புதன்கிழமை மாலை டின் திறக்கிற அவசரம் வராது. கடைத் தயிருக்கு வரி உண்டு, அமாசி எனும் புளித்த பாலுக்குக் கிடையாது. தயிர்சாதத்துக்குக் கொஞ்சம் புளிப்பு கூடுதல்தான், கூடப் பால் ஊற்றிப் பிசைந்தால் சரியாகிவிடும். மோர்க்குழம்புக்கோ அந்தப் புளிப்புதான் வேண்டும்.

புரட்டாசி முடிந்து கோழிக்குத் திரும்பும்போது பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃப்ரோஸன் துண்டுகளில் 15 சதவீதம் வரை உப்புநீர் ஏற்றலாம், முழுக்கோழியில் 10 சதவீதம்தான் என்பது 2016ல் வந்த விதி. அதாவது 2 கிலோ பையில் கால் கிலோவுக்கு மேல் தண்ணீராக இருக்கலாம். கறி கொதிக்கும்போது சட்டியில் அவ்வளவு நீர் விடுவது இதனால்தான். நீங்கள் வாங்கும் கடையில் முழுக்கோழி கிலோ என்ன விலை, துண்டு என்ன விலை என்று பார்த்து, முடிந்தால் முழுசாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். கழுத்தும் எலும்பும் ரசத்துக்கு ஆகும்.

காய்கறிக்கு உங்கள் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கும்போது சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சுற்றிய வெண்டைக்காய் எதற்கு? கடை கட்டுகிற நேரத்துக்குப் போனால் பேரம் படியும். ஆனால் மலிவு என்று பெட்டி பெட்டியாகத் தக்காளி வாங்கினால், அன்றைக்கே சட்னியாக வதக்கி வைக்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மாதக்கடைசிக் காம்போ. அரிசி, எண்ணெய், சர்க்கரை, சோளமாவு எல்லாம் ஒரே கட்டாக, ஒரே விலையில் வரும். பத்து கிலோ சோளமாவை உங்கள் வீட்டில் மாதத்துக்குள் தின்று முடிப்பார்களா? போன மாத மூட்டையே இன்னும் பிரிக்காமல் கிடந்தால் இந்த மாதம் காம்போ வேண்டாம். அரிசியையும் எண்ணெயையும் தனித்தனியாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.