குடத்துக்கு மாற்றும் முன்பு போனை ஒருமுறை பாருங்கள்

கேள்வி: வீட்டில் மூன்று பழைய போன்கள் கிடக்கின்றன. ஒன்று 2014-ல் வாங்கிய ஆண்ட்ராய்டு, இன்னும் ஓடுகிறது. இன்னொன்று 2021-ல் வாங்கியது, கீழே விழுந்ததில் டச் போய்விட்டது. மூன்றாவது, போன வருடம் தவறிய அப்பாவுடையது. அது ஆன் ஆகவே இல்லை. அதில் சிஎம்சி ஆஸ்பத்திரி ரிப்போர்ட், பாஸ்புக் படங்கள் எல்லாம் இருக்கும். ‘பழைய செல்போனுக்கு பிளாஸ்டிக் குடம்’ என்று மைக் போட்டு வருகிறவரிடம் கொடுக்கலாமா? எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்கும் ரீசெட் போட்டாலும், உள்ளே இருந்ததை எடுத்துவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இப்போதைக்கு எதையும் கொடுக்காதீர்கள். மூன்றுக்கும் வழி வேறு வேறு.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பழைய போன்களுக்குப் பொருந்தும். நாம் ஒரு படத்தை அழித்தால், போன் அந்த இடத்தைக் ‘காலி’ என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டாலும் ஆள் உள்ளேயே இருப்பது போல. அழித்ததை மீட்கும் மென்பொருள் கதவைத் தட்டிப் பார்த்து ஆளை வெளியே கொண்டுவந்துவிடும். ஆனால் ஆண்ட்ராய்டு 10-உடன் விற்பனைக்கு வந்த போன்களிலும் அதற்குப் பிந்தியவற்றிலும், உள்ளே இருப்பது எல்லாமே என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி உருமாறித்தான் பதிவாகிறது. ரீசெட் போடும்போது அதைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். மிஞ்சுவது யாராலும் வாசிக்க முடியாத எழுத்துக் குவியல். ஐபோனிலும் இதே முறைதான்.

2021-ல் வாங்கிய போன் பெரும்பாலும் இந்த வகைதான், அதனால் அதற்கு ரீசெட் போதும். திரையில் படம் தெரிகிறதா? சரி, போனோடு மவுஸை இணைக்க உதவும் ஓடிஜி கேபிள் ஒன்று வாங்கிக் கம்ப்யூட்டர் மவுஸைச் சொருகுங்கள், அம்புக்குறி வரும். வேண்டிய படங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பணம் அனுப்பும் ஆப்களிலிருந்து வெளியேறுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுத்தான் ரீசெட். இந்த வரிசை முக்கியம். கணக்கை நீக்காமல், பட்டன்களை அழுத்தித் திறக்கும் ரிக்கவரி மெனு வழியாக ரீசெட் செய்தால், அடுத்து வைத்திருப்பவரிடம் போன் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள், தொலைந்த போனைத் தேடும் ‘ஃபைண்ட் மை’ வசதியை முதலில் அணைக்க வேண்டும்.

சிம்மையும் மெமரி கார்டையும் மறக்காமல் கழற்றுங்கள். காட்பாடியில் ஒரு கல்லூரி மாணவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய போனை என்னிடம் கொண்டுவந்தார். போன் சுத்தமாக ரீசெட் ஆகியிருந்தது. ஆனால் கார்டில் யாரோ ஒரு குடும்பத்தின் ஆதார், பத்திரம், குழந்தையின் பிறப்புச் சான்று எல்லாம் அப்படியே இருந்தன. கார்டைப் போனோடு சேர்த்து விற்கவே விற்காதீர்கள். விரல் நகம் அளவுதானே, வீட்டிலேயே இருக்கட்டும்.

2014 போனில் என்கிரிப்ஷனை நாமே போட வேண்டும். பின் நம்பர் வைத்து, 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைச் சொருகியபடியே செக்யூரிட்டி பகுதியில் ‘என்கிரிப்ட் போன்’ கொடுங்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள். முடிந்ததும் ரீசெட். அந்த வசதி இல்லாவிட்டால், ரீசெட் செய்த போனில் கணக்கு எதுவும் போடாமல் கேமராவில் வீடியோ பதிவை ஓட விட்டு, இடம் நிரம்பும் வரை சுவரைப் படம்பிடித்து, மறுபடி ஒரு ரீசெட். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழையது பெரும்பாலும் மேலெழுதப்பட்டுவிடும்.

அப்பாவின் போன்தான் எனக்குக் கவலை. அழிப்பதற்கு முன்னால் அதில் அவர் குரல் இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் பல நேரம் போனுக்குள் மட்டுமே இருக்கும். ஆன் ஆகாத போனில் கோளாறு பெரும்பாலும் பேட்டரியிலோ சார்ஜிங் பின்னிலோதான் இருக்கும். நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொண்டுபோய், வேலை முடியும் வரை பக்கத்திலேயே உட்காருங்கள். விட்டுவிட்டு வராதீர்கள். உயிர் வந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேலே சொன்ன மாதிரி ரீசெட்.

வரவில்லையென்றால், போர்டை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நினைவகச் சிப் அதில்தான் ஒட்டியிருக்கிறது. அவருடைய கூகுள் பாஸ்வேர்டு தெரிந்தால், வேறு போனிலிருந்து உள்ளே போய், சாதனங்கள் பட்டியலில் அந்தப் போனை வெளியேற்றிவிடுங்கள். அவர் சிம்மை, வங்கி வேலைகள் முடியும் வரை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் துண்டிக்கப்பட்டு, பின்னால் வேறொருவருக்குப் போகலாம். வங்கி ஓடிபியும் அந்தப் புது ஆளுக்கே போகும்.

பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ சுத்தியலால் அடிக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் பரணில் கிடந்த பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

குடத்துக்கு வாங்கிப் போகும் போன்களின் போர்டுகள் கடைசியில் எங்காவது எரிக்கப்பட்டோ, அமிலத்தில் ஊறவைக்கப்பட்டோ செம்பும் தங்கமும் எடுக்கப்படலாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வாங்கிய மாவட்டம் நம்முடையது, அந்த மண்ணில் ஈயத்தையும் சேர்க்க வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் பழைய கருவிகளை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. வேலூர் பக்கம் போகும்போது அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், பழைய போனை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். உப்பிய பேட்டரி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.